சிங்களத் தாளில் ஒரு தமிழ்க் கைநாட்டு

ஆனையிறவு இராணுவ முகாமைத் தாக்கினார் என்பது நல்லரத்தினம் சிங்கராசா மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை முகாம்களும் அதே குற்றப்பத்திரிகையில் இருந்தன. 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 50 ஆண்டு சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. சான்றாக நின்றது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் மட்டுமே. அவர் தமிழ் மட்டுமே அறிந்தவர். வாக்குமூலமோ சிங்களத்தில் இருந்தது; அதில் பெருவிரல் அடையாளம் வைத்தார். அப்போது உடனிருந்தவர்கள் ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் ஒரு கான்ஸ்டபிளும்தான். தட்டச்சு செய்தவரும் மொழிபெயர்த்தவரும் அந்தக் கான்ஸ்டபிளே. இத்தகைய வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டித்ததால் நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் முடிவு கூறியது.

சட்டத்துறையில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் இந்த வழக்கு எழுப்புகிறது. அத்துறையில் சமத்துவம் என்றதும் பலரும் அதைச் சட்டத்தரணிகளின் வேலைவாய்ப்புச் சிக்கலாகவே பார்க்கிறார்கள். அது முதலில் வழக்காடுபவரின் உரிமை. இந்த வழக்கில் பிழை சட்டத்தில்தானே, தொழிலில் இல்லையே என்று கேட்கலாம். சட்டம் கொடியது என்பதில் எனக்கும் ஐயமில்லை. அது நீக்கப்படத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு நல்ல சட்டமும் மனிதர் வழியாகவே இயங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் போதும் என்பவர்களுக்கு இந்த வழக்கே பதில்: இங்கும் ஒருவர் மொழிபெயர்த்தார், விசாரித்த தரப்பிலிருந்தே. வடக்கு, கிழக்கில் தமிழில் நடக்கும் வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனால், அதன் பதிவேடு மேல்மன்றத்தின் மொழியிலும் தயாரிக்கப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. கிளிநொச்சியில் ஒரு தாய் சொன்னது கொழும்பு புதுக்கடை நீதிமன்றில் வேறு மொழியில் வாசிக்கப்படும்போது, மூலத்தோடு ஒப்பிட்டு ‘இது அவள் சொன்னதல்ல’ என்று எழுந்து சொல்லக்கூடியவர் மன்றில் இருக்க வேண்டாமா?

அப்படிப்பட்டவர்கள் உருவாகும் வழியே அடைபடப் பார்த்தது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. முன்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, ஆங்கிலம் தெரியாமல் தொழில் செய்ய முடியாது என்ற வாதத்தில் உண்மை உண்டு. அதற்கு மருந்து ஆங்கிலத்தை நன்றாகக் கற்பிப்பது. கண்டாவளையிலும் ஒட்டுசுட்டானிலும் தமிழில் படித்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்துவது அல்ல. தாய்மொழியில் எழுத விட்டால் தகுதி குறையும் என்ற அச்சமும் புதிதல்ல. பெண்களின் அனுபவத்தைப் பாருங்கள். இலங்கையில் பெண்கள் சட்டத்தொழில் செய்ய 1933இல் சட்டத்தடை நீங்கியது. உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசராக ஷிராணி பண்டாரநாயக்க நியமிக்கப்பட்டது 1996இல். இடைப்பட்ட 63 ஆண்டுகளும் இந்நாட்டில் தகுதியான பெண்ணே இருக்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

மன்றில் யார் எழுந்து பேசுவார் என்ற கேள்வி வன்னியில் இன்னும் கூர்மையானது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோருக்காகப் போராடி வருபவர்களில் முன்நிற்பவர்கள் பெண்கள். காணி, பராமரிப்பு, பாலியல் வன்முறை வழக்குகளிலும் அவர்களே வாய் திறக்க வேண்டியிருக்கிறது. மூத்த சட்டத்தரணிகள் வன்னி மாணவர்களை, குறிப்பாகப் பெண்களை, தங்கள் அலுவலகங்களில் பயிற்சிக்குச் சேர்த்து வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகையும் கொடுக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.