பட்டறைக் கணக்கு - 9: மார்ச் 31-க்கு முன்னால் கேளுங்கள்

திருவொற்றியூர் லேத் பட்டறையில் சனிக்கிழமை கூலியைத் தள்ளிப்போட முடியாது. கரண்ட் பில்லும் இரும்புக் கடை பாக்கியும் அப்படியே. பார்ட்டி பணம் தந்தாரோ இல்லையோ, போட்ட பில்லுக்கு ஜிஎஸ்டியைக் கைக்காசில் கட்டியாக வேண்டும். பார்ட்டியைக் கேட்டால், “அக்கவுண்ட்ஸ்ல போட்டாச்சுண்ணே, அடுத்த வாரம் வந்துடும்!” எண்ணூரில் டிரெய்லர் வைத்திருப்பவருக்கும் இதே பாடுதான், டீசலுக்கு ரொக்கம், வாடகை எப்போதோ. நடுவில் தண்டல்காரர் வருகிறார். ஆக, பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கச் சின்னவர் வட்டிக்கு வாங்குகிறார்.

இதைத் தடுக்க 2006-லேயே குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ‘எங்கள் வழக்கம் 90 நாள்’ என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் செல்லாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6.75 ஆக இருந்த 2024-ல் இது 20.25 சதவீதம்.

புகார் கொடுக்க 2017-ல் ‘சமாதான்’ என்ற இணையதளமும் வந்தது. யார் கொடுப்பார்? இருப்பதே இரண்டு பார்ட்டி. ஒருவர்மேல் புகார் போனால் பாதி மெஷின் நின்றுவிடும். சட்டம் எழுதியவர்கள் இந்தப் பயத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

2023 நிதிச் சட்டம் சாமர்த்தியமாக வேறு வழியில் போனது. அன்றைய வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்றொரு பிரிவைச் சேர்த்தது; 2024 ஏப்ரல் 1-ல் அது அமலுக்கு வந்தது. கெடு தாண்டிய பாக்கியை நிதியாண்டு முடிவதற்குள்ளும் தராவிட்டால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பாக்கி 10 லட்சம் என்றால், 10 லட்சம் கூடுதல் வருமானமாக வரிக்கு வரும். கொடுக்கும் ஆண்டில்தான் கழிவு. இனி நமக்காகப் பார்ட்டியின் ஆடிட்டரே வாதாடுவார். (உற்பத்தி, சேவை செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான் இது. வாங்கி விற்கும் கடைக்கு இல்லை. நடுத்தர நிறுவனத்துக்கும் இல்லை.)

ஆனால் நீங்கள் யாரென்று அந்த ஆடிட்டருக்குத் தெரிய வேண்டுமே! வேலை எடுப்பதற்கு முன்பே, குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் உத்யம் பதிவை முடித்து, எண்ணைப் பில் தலைப்பில் அச்சிடுங்கள். சரக்கு இறக்கும்போது டெலிவரி சலானில் சீலும் தேதியும் வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள். அன்றிலிருந்து 15 நாளுக்குள் பார்ட்டி எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சரக்கு இறங்கிய நாளிலிருந்தே கெடு ஓடும். போனில் கெஞ்சுவதைவிட மெயிலில் இரண்டு வரி மேல். அது சாட்சியாகவும் நிற்கும்.

நிலுவைப் பட்டியலைப் பிப்ரவரியிலேயே அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிவிடுங்கள். ஏப்ரலில் போய் நின்றால், அவர்களுக்கு அடுத்த மார்ச் வரை அவசரமில்லை.