ஆலையில்லா ஊரின் முதலிடங்கள்

2020 ஜூன் மாதத்தின் மூன்றாவது வாரக் கடைசியில் அமெரிக்க வசூலில் முதலிடம் பிடித்த படம் 'ஜுராசிக் பார்க்'. புதுப் பதிப்போ, அடுத்த பாகமோ அல்ல. 1993இல் வந்த அதே ஸ்பீல்பெர்க் படம்தான். வசூல் ஐந்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே. அதே ஆண்டு ஜனவரியில் 'பேட் பாய்ஸ் ஃபார் லைஃப்' முதலிடம் பிடித்தபோது வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் வந்தது 6 கோடியே 25 லட்சம் டாலர். இது முன்னதைப் போல நூறு மடங்குக்கும் மேல். ஆனால் ஆண்டுப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே ஒரு வரி, ஒரே பட்டம்: அந்த வாரத்தின் நம்பர் ஒன்.

இந்த நம்பர் ஒன் என்பது என்ன என்று நிதானமாகப் பார்க்க 2020ஐ விட நல்ல ஆண்டு கிடையாது. டீ ஆறுவதற்குள் முடிகிற கதை அல்ல, இன்னொரு டீ சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

முதலில் கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் படங்கள் வெள்ளிக்கிழமை வெளியாகும் என்று பெயர். உண்மையில் வியாழன் மாலையே காட்சி தொடங்கிவிடும். அந்தப் பணத்தை வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். உள்நாட்டு வசூல் என்று அவர்கள் சொல்வதில் கனடாவும் அடக்கம். தியேட்டர்களில் இருந்து டிக்கெட் விற்பனைத் தகவலை காம்ஸ்கோர் என்ற நிறுவனம் திரட்டுகிறது. ஆனால் ஞாயிறு காலையில் செய்தியில் வரும் எண் ஸ்டூடியோக்கள் தருவது. ஞாயிறு காலை என்றால், ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியே இன்னும் ஓடவில்லையே? ஆமாம். வெள்ளியும் சனியும் நிஜம், ஞாயிறு ஊகம். திங்கட்கிழமை சரியான எண் வரும். அதற்குள் 'அமெரிக்காவின் நம்பர் ஒன் படம்' என்ற விளம்பரம் தயாராகியிருக்கும். இரண்டு படங்கள் நெருக்கமாக ஓடும் வாரங்களில் திங்களன்று இடம் மாறியதும் உண்டு. ஆக, அந்த எண்ணில் ஒரு பங்கு கணக்கு, ஒரு பங்கு விளம்பரம்.

நம்மூரில் இந்த அளவுக்குக்கூடக் கிடையாது. தயாரிப்பாளர் போஸ்டரில் போடும் கோடியை ஒருவர் நம்புவார், இன்னொருவர் சிரிப்பார், ரசிகர்கள் சண்டை போடுவார்கள். அவ்வளவுதான்.

இப்போது 2020க்கு வருவோம். ஆண்டு வழக்கம் போலத்தான் தொடங்கியது. ஜனவரி முதல் வாரக் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முன் வெளியான 'ஸ்டார் வார்ஸ்: தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' மூன்றாவது வாரமாக மேலே இருந்தது. அடுத்த வாரம் '1917'. இந்தப் படம் வெளியான விதத்தைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் 25ஆம் தேதி 11 தியேட்டர்களில் மட்டும் இறக்கினார்கள். ஆஸ்கார் போட்டிக்கு அந்த ஆண்டுக்குள் வெளியாகியிருக்க வேண்டுமே, அதற்காக. ஜனவரி 5இல் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. அந்த வாரமே 3,400 தியேட்டர்களுக்கு விரித்தார்கள். 3 கோடியே 70 லட்சம் டாலர் வந்தது, முதலிடமும் வந்தது. புதுப் படம் போலத் தெரிந்தது, ஆனால் அது பதினாறு நாள் பழைய படம்.

தியேட்டர் எண்ணிக்கையைப் பார்க்காமல் வசூல் எண்ணை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் தப்பிவிடும். 2017 ஏப்ரல் கடைசியில் 'பாகுபலி 2' அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு வந்தது நினைவிருக்கும். சுமார் 425 தியேட்டர்களில் ஒரு கோடி டாலருக்கு மேல். முதலிடத்தில் இருந்த கார்ப் படம் நாலாயிரம் தியேட்டர்களுக்கும் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தியேட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் அந்த வாரம் பெரிய கூட்டம் எங்கே இருந்தது என்பது புரிந்துவிடும். தெலுங்கும் தமிழும் இந்தியும் பேசுகிறவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்து இறக்கிய படம் அது.

2020 பிப்ரவரியில் 'சோனிக்' முதலிடத்தில் இரண்டு வாரம், பிறகு 'தி இன்விசிபிள் மேன்'. மார்ச் 6ஆம் தேதி வந்த பிக்ஸாரின் 'ஆன்வார்ட்' முதல் வாரக் கடைசியில் 3 கோடியே 91 லட்சம் டாலர் சம்பாதித்தது. பிக்ஸார் படத்துக்கு இது குறைவு. இரண்டாவது வாரம் 1 கோடியே 6 லட்சம். ஒரு படம் இரண்டாவது வாரத்தில் பாதியாகச் சரிவது அங்கே சாதாரணம், நான்கில் ஒரு பங்காகச் சுருங்குவது சாதாரணம் இல்லை. இருந்தும் அந்த வாரமும் அதுவே முதலிடம், ஏனென்றால் எல்லாப் படங்களும் சேர்ந்தே சரிந்தன. மறு வாரத் தொடக்கத்தில் ஏஎம்சி, ரீகல் ஆகிய பெரிய தியேட்டர் சங்கிலிகள் கதவை மூடின. மார்ச் 20ஆம் தேதி 'ஆன்வார்ட்' இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஸ்டூடியோக்கள் வசூல் எண் சொல்வதையே நிறுத்திக்கொண்டன.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

மூடப்படாமல் இருந்தவை டிரைவ்-இன் தியேட்டர்கள். சென்னை ஈசிஆரில் பிரார்த்தனாவுக்குக் காரில் போய்ப் படம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அமெரிக்காவில் முதல் டிரைவ்-இன் 1933 ஜூனில் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் அருகே திறந்தது. ஐம்பதுகளின் கடைசியில் நாலாயிரத்தை எட்டி, பிறகு தேய்ந்து, 2020இல் முந்நூறு சொச்சமாக நின்றது. காரை நிறுத்தி, ரேடியோவில் எஃப்எம் அலைவரிசையைப் பிடித்தால் வசனம் காதில் விழும். பக்கத்து ஆள் இருமினால் பயப்பட வேண்டாம். கொரோனாவுக்கென்றே கட்டியது போல இருந்தது.

ஆனால் போடுவதற்குப் படம் வேண்டுமே? பெரிய ஸ்டூடியோக்கள் தங்கள் படங்களை அலமாரியில் பூட்டிவிட்டன. மே 1ஆம் தேதி ஐஎஃப்சி மிட்நைட் என்ற சிறிய நிறுவனம் 'தி ரெட்சட்' என்ற பேய்ப் படத்தை இறக்கியது. பிரெட் பியர்ஸ், ட்ரூ பியர்ஸ் என்ற சகோதரர்கள் எடுத்தது, நட்சத்திரம் யாரும் கிடையாது. முதல் வாரக் கடைசியில் கிடைத்தது சுமார் 66 ஆயிரம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய். அது முதலிடம்! வாரம் போகப் போக டிரைவ்-இன்கள் கூடின, வசூலும் ஏறியது. தொடர்ந்து ஆறு வாரம் மேலே இருந்தது. அதற்கு முன் அப்படி ஆறு வாரம் தொடர்ந்து நின்ற படம் 'அவதார்'.

இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் ஒளிந்துகொண்டபோது படத்தைக் கொண்டுவந்து திரையில் போட்ட விநியோகஸ்தருக்கு ஒரு தைரியம் இருந்தது. 'அவதார்' சாதனையோடு ஒரே வாக்கியத்தில் அதை வைப்பதுதான் அபத்தம். இரண்டு வரிசையும் நிஜம், இரண்டையும் ஒப்பிட வழியில்லை.

சில ஆயிரம் டாலரே முதலிடத்துக்குப் போதும் என்ற இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து விளையாடியும் பார்த்துவிட்டார்கள் இருவர். கிறிஸ்டியன் நில்சன், எரிக் டபாக். வீட்டில் இருந்தபடியே ஜூம் அழைப்பில் 29 நிமிடப் பேய்ப் படம் ஒன்று எடுத்தார்கள், பெயர் 'அன்சப்ஸ்கிரைப்'. லாங் ஐலண்டில் மூடிக் கிடந்த ஒரு தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். வாடகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் டிக்கெட் பணம் முழுவதும் படக்காரருக்கே, தியேட்டருக்குப் பங்கு இல்லை. அங்கே நடைமுறையில் உள்ள பழைய ஒப்பந்த முறைதான் அது. பிறகு எல்லா டிக்கெட்டுகளையும் தாங்களே வாங்கினார்கள். போன பணம் அப்படியே திரும்பி வந்தது. 2020 ஜூன் 10, புதன்கிழமை, 25,488 டாலர் வசூலோடு அந்த நாளின் முதலிடத்தில் 'அன்சப்ஸ்கிரைப்'. யாரையும் ஏமாற்றவில்லை, விதி எதையும் மீறவும் இல்லை. பட்டியல் கேட்ட ஒரே கேள்வி எவ்வளவு டிக்கெட் விற்றது என்பது. யார் வாங்கினார்கள் என்று அது கேட்பதே இல்லை. முதல் நாள் ஹவுஸ்ஃபுல் பலகையைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது.

ஜூன் பாதிக்குப் பிறகு பெரிய ஸ்டூடியோக்கள் பழைய படங்களைத் தூசி தட்டின. 'ஜுராசிக் பார்க்' அப்படி வந்ததுதான். ஜூலை முதல் வாரம் 1984இன் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்', அதற்கடுத்த வாரம் 1980இன் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'. விளம்பரச் செலவே இல்லாமல் வந்த காசு.

ஆகஸ்டில் தியேட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. எல்லோரும் காத்திருந்தது கிறிஸ்டோபர் நோலனின் 'டெனெட்'. செப்டம்பர் முதல் வாரம் அது வந்தபோது நியூயார்க் நகரத்திலும் லாஸ் ஏஞ்சலஸிலும் தியேட்டர்கள் திறக்கவே இல்லை. அந்த இரண்டு ஊரும் இல்லாத அமெரிக்க வசூல் என்பது முதுகெலும்பு இல்லாத வசூல். வார்னர் நிறுவனம் 2 கோடியே 2 லட்சம் டாலர் என்று அறிவித்தது. கனடாவில் ஒரு வாரம் முன்பே வந்த பணமும், முன்கூட்டிய காட்சிகளின் பணமும் அதில் கலந்திருந்தன. எந்த நாளில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மறுத்துவிட்டார்கள். சுமார் 20 கோடி டாலர் செலவில் எடுத்த படம், ஐந்து வாரம் தொடர்ந்து முதலிடம், அமெரிக்காவில் தோல்வி. இந்த மூன்றும் ஒரே படத்தைப் பற்றிய உண்மைகள்.

அதைப் பார்த்த மற்ற ஸ்டூடியோக்கள் பின்வாங்கின. 'பிளாக் விடோ' அடுத்த ஆண்டுக்குப் போனது. ஜேம்ஸ் பாண்ட் படம் 'நோ டைம் டு டை' மறுபடி தள்ளிப்போனது. போடப் படம் இல்லாமல் ரீகல் அக்டோபரில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தியேட்டர்களை மறுபடி மூடியது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. 'டெனெட்'டை முதலிடத்திலிருந்து இறக்கியது எது தெரியுமா? ராபர்ட் டி நீரோ தாத்தாவாக நடித்த 'தி வார் வித் கிராண்ட்பா'. 2017லேயே வந்திருக்க வேண்டியது, வைன்ஸ்டீன் கம்பெனியில் சிக்கி ஆண்டுக்கணக்கில் கிடந்த படம். 36 லட்சம் டாலரில் முதலிடம்.

அடுத்த வாரம், அக்டோபர் 16 முதல் 18 வரை, லியாம் நீசனின் 'ஹானஸ்ட் தீஃப்' 41 லட்சம் டாலரோடு அமெரிக்காவில் முதலிடம். அதே மூன்று நாளில் ஜப்பானில் வெளியான 'டீமன் ஸ்லேயர்: முகென் டிரெயின்' சம்பாதித்தது 460 கோடி யென், ஏறக்குறைய 4 கோடியே 40 லட்சம் டாலர். ஒரே நாட்டில், பத்து மடங்கு. கொரோனாவால் ஜனங்கள் சினிமாவையே மறந்துவிட்டார்கள் என்று ஹாலிவுட்டில் புலம்பிக்கொண்டிருந்த வாரம் அது. தியேட்டர் திறந்திருந்து, ஆசைப்பட்ட படமும் வந்தால் கூட்டம் வரும் என்பதை டோக்கியோ காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு மொத்த வசூலில் சீனாவும் அமெரிக்காவைத் தாண்டியது.

அக்டோபர் கடைசியிலிருந்து பட்டியலைப் படித்தால் இன்னொன்று கண்ணில் படும். 'கம் ப்ளே', 'லெட் ஹிம் கோ', 'ஃப்ரீக்கி', 'தி க்ரூட்ஸ்: எ நியூ ஏஜ்'. வரிசையாக முதலிடம் வந்த இந்த நான்கும் யூனிவர்சல் குடும்பத்துப் படங்கள். முதல் இரண்டை வெளியிட்ட ஃபோகஸும் அவர்களுடையதுதான். மற்றவர்கள் பதுங்கியபோது இவர்கள் மட்டும் ஏன் தைரியமாக வந்தார்கள்?

காரணம் ஏப்ரலில் தொடங்குகிறது. யூனிவர்சல் 'ட்ரோல்ஸ் வேர்ல்ட் டூர்' படத்தை நேராக வீட்டுத் திரைக்கு 20 டாலர் வாடகைக்குக் கொடுத்தது. கோபமான ஏஎம்சி, இனி உங்கள் படம் எதையும் போட மாட்டோம் என்றது. ஜூலையில் இரு தரப்பும் சமாதானமாகின. அதுவரை தியேட்டருக்கு வந்த படம் வீட்டுக்கு வர இரண்டரை, மூன்று மாதம் ஆகும். புதிய ஒப்பந்தப்படி 17 நாள், அதாவது மூன்று வாரக் கடைசிகள் போதும். வீட்டில் பார்ப்பவர்கள் தரும் வாடகையில் ஏஎம்சிக்கும் பங்கு. ஆகவே நவம்பரில் 'ஃப்ரீக்கி' 40 லட்சம் டாலருக்கும் குறைவான வசூலில் முதலிடம் வந்தபோது யூனிவர்சலுக்கு அது கல்லாப் பணத்தைவிட விளம்பரமாகவே பயன்பட்டது. மூன்று வாரத்தில் வீட்டில் விற்கப்போகும் படத்துக்கு 'அமெரிக்காவின் நம்பர் ஒன்' என்ற முத்திரை கிடைத்துவிடுகிறது. என் கணிப்பில் அந்த ஆண்டு இந்தப் பட்டியலைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டது யூனிவர்சல்தான். வார்னருக்குப் புரிய டிசம்பர் வரை ஆனது. கிறிஸ்துமஸுக்கு 'வொண்டர் வுமன் 1984'ஐ தியேட்டரிலும் எச்பிஓ மேக்ஸ் என்ற இணையத் தளத்திலும் ஒரே நாளில் விட்டார்கள். 1 கோடியே 67 லட்சம் டாலர், ஆண்டின் கடைசி முதலிடம்.

அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 2019இல் 1,100 கோடி டாலருக்கு மேல் டிக்கெட் விற்றிருந்தன. 2020இல் அது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த ஆண்டு வெளியான படங்களில் அங்கே அதிகம் சம்பாதித்தது ஜனவரியில் வந்த 'பேட் பாய்ஸ் ஃபார் லைஃப்' தான், மொத்தம் 20 கோடி டாலருக்குச் சற்று மேல். 2021 டிசம்பரில் 'ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்' அதைவிட அதிகமான பணத்தை, 26 கோடி டாலரை, ஒரே வாரக் கடைசியில் எடுத்தது.