கட்டளையும் பொருளும்

நெல்லை மாவட்டத்தின் மேற்கெல்லையில் ஓங்கி நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அம்மலையின்மேல், மணிமுத்தாறு அணைக்கும் மேலே, அமைந்துள்ளது மாஞ்சோலை. மலைக்குக் கிழக்கே தாமிரபரணி பாயும் தமிழகம், மேற்கே கேரளம். ‘வெள்ளம்’ என்னும் சொல் இருபுறத்தும் வழங்குகின்றது. மேற்கே வாழ்வார்க்கு அது பருகும் நீர். கிழக்கே வாழ்வார்க்கோ கரையை உடைத்துவரும் பெருக்கு. ‘வெள்ளம் வந்துவிட்டது’ என்று ஒருவன் உரக்கக் கூறினால், ஒருபுறத்தார் குடத்தை எடுத்துக்கொண்டு மகிழ்வுடன் செல்வர். மறுபுறத்தார் குழந்தைகளை எடுத்துக்கொண்டு மேட்டு நிலம் நாடுவர். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருமழையால் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது, அச்சொல்லின் கிழக்குப் பொருளை நெல்லை மக்கள் நன்கு உணர்ந்தனர். ஒலி ஒன்றே, கேட்பவர் மாறப் பொருளும் மாறுகின்றது.

மனிதர் பேச்சில் காணும் இவ்வேறுபாடு கணிப்பொறி உலகிலும் உண்டு. கணிப்பொறியின் உள்ளே இருந்து அதன் உறுப்புகளை எல்லாம் ஆளும் நிரலுக்குக் ‘கெர்னல்’ என்று பெயர். பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். பருப்பைச் சூழ்ந்து ஓடு இருப்பதுபோல, இதனைச் சூழ்ந்து நிற்கும் மற்றொரு நிரல் ‘ஷெல்’, அஃதாவது ஓடு, எனப்படும். நாம் எழுத்தால் இடும் கட்டளையைப் படித்து, அதன் பொருளை அறிந்து, அதனை நிறைவேற்றுவிப்பது ஷெல்லின் தொழில். இருமொழி அறிந்த துபாசி வணிகனுக்கும் மன்னனுக்கும் இடையே நின்றது போன்றதே இது. பல கட்டளைகளை வரிசையாக ஓர் ஏட்டில் எழுதிவைத்து, வேண்டும்போதெல்லாம் ஷெல்லிடம் கொடுத்து நடத்தலாம். அவ்வேடு ‘ஸ்கிரிப்ட்’ எனப்படும்.

அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வகத்தில் 1969இல் தோன்றியது யூனிக்ஸ் என்னும் இயங்குதளம். அதற்கு முதல் ஷெல்லைக் கென் தாம்சன் என்பார் இயற்றினார். 1979இல் ஸ்டீபன் போர்ன் இயற்றிய ஷெல் வெளிவந்து நிலைபெற்றது. அதே காலத்தில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் வேறொரு ஷெல்லைச் செய்தார். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் ‘பாஷ்’ என்பதனையும், 1990இல் பால் ஃபால்ஸ்டட் ‘இசட்-ஷெல்’ என்பதனையும் வெளியிட்டனர். ஒவ்வொருவரும் பழையதன் குறை நீக்கிப் புதிய வசதிகள் சேர்த்தனர். இவ்வாறு வசதிகள் பெருகப் பெருக, வழக்குகளும் பிரிந்தன.

இஃது எங்கோ நிகழும் செய்தியன்று. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய அவ்வியங்குதளம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அத்தகைய பொறியின் முன் அமர்ந்து கட்டளை எழுதும் எவரும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

வேறுபாடுகளுள் சில எளியவை. ஒரு பட்டியலின் உறுப்புகளைப் பாஷ் சுழியத்திலிருந்து எண்ணும். இசட்-ஷெல்லோ ஒன்றிலிருந்து எண்ணும். எனவே ‘1ஆம் உறுப்பைத் தருக’ என்றால், முன்னது இரண்டாம் பெயரைத் தரும். பின்னது முதற்பெயரைத் தரும். வேறு சில இடங்களில், ஷெல் தனக்குத் தெரியாத சொல்லைக் கண்டு ‘அறியேன்’ என்று அறிவித்துவிடும். அதனால் பெருந்தீங்கு இல்லை. எழுதியவன் பிழையை உணர்ந்து திருத்திக்கொள்வான். அறியாததை அறிந்ததாகக் கொண்டு, வாய் திறவாமல் வேறொன்றைச் செய்வதே தீங்கு மிக்கது.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒரு பள்ளியின் மதிப்பெண் பதிவுகளைப் பழைய வட்டிலிருந்து புதிய வட்டிற்கு மாற்ற வேண்டும். எழுத்தர் ஒருவர் பாஷ் வழக்கில் இவ்வாறு எழுதுகின்றார்: ‘பதிவுகளைப் படியெடு, அப்போது எழும் செய்திகளை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுது, படியெடுத்தல் செவ்வனே முடிந்தால் மட்டும் பழையவற்றை அழி.’ செய்திகளைக் குறிப்பேட்டிற்கு அனுப்ப அவர் இடும் குறி ‘&>’ என்பதாகும். பாஷ் இதனை ஒரே குறியாகக் கொண்டு, அவர் நினைத்தவாறே செய்து முடிக்கும்.

அந்த ஸ்கிரிப்ட் ‘டாஷ்’ என்னும் ஷெல்லிடம் செல்லட்டும். டாஷ் இதனை இரு குறிகளாகப் பிரிக்கும். ‘&’ என்றால், ‘இப்பணி பின்னால் நடக்கட்டும்; காத்திராமல் அடுத்ததற்குச் செல்’ என்பது பொருள். தனித்து நிற்கும் ‘>’ என்றால், ‘இந்த ஏட்டை வெற்றேடாகத் திற’ என்பது பொருள். ஆகவே படியெடுத்தல் ஒருபுறம் தொடங்கும். குறிப்பேடு மறுபுறம் திறக்கும். ஏடு திறந்த வெற்றியையே டாஷ் ‘செவ்வனே முடிந்தது’ என்னும் நிபந்தனைக்கு உரியதாகக் கொள்ளும். படியெடுத்தல் முடியாமுன்பே பழைய பதிவுகள் அழியத் தொடங்கும். எழுத்தர் முன்னெச்சரிக்கையாக இட்ட நிபந்தனை அங்கே பயனற்றுப் போகின்றது. பிழை என்று ஒரு சொல்லேனும் திரையில் தோன்றாமலும் போகலாம்.

பாஷுக்கு எழுதியது டாஷிடம் செல்வது எவ்வாறு? ஸ்கிரிப்டின் முதல் வரி, அதனைப் படிக்க வேண்டிய ஷெல் எது என்பதைக் கூறும். பலர் அங்கே ‘எஸ்.எச்.’ என்னும் பொதுப்பெயரை எழுதிவிடுவர். லினக்ஸ் இயங்குதளங்கள் பலவற்றில் அப்பெயர் பாஷையே குறித்தது. டாஷ் அளவிற் சிறியது, விரைவில் தொடங்குவது. அதனால் உபுண்டு 2006இலும், டெபியன் 2011இலும் அப்பெயரை டாஷுக்கு உரியதாக்கின. பெயர் மாறவில்லை, பெயருக்குரியவர் மாறினார். அதுவரை பழுதின்றி நடந்த ஸ்கிரிப்டுகள் பல அதன்பின் தடுமாறின.

இதற்குத் தீர்வு தமிழ் இலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. எல்லார்க்கும் பொருள் விளங்கும் சொல்லை இயற்சொல் என்றும், ஒரு திசையினின்று வந்து வழங்கும் சொல்லைத் திசைச்சொல் என்றும் தொல்காப்பியம் பகுத்தது. ஷெல்களுக்கும் 1992இல் ‘போசிக்ஸ்’ என்னும் பொது இலக்கணம் வகுக்கப்பட்டது. அதில் அடங்கியவை இயற்சொற்கள் போன்றவை; பாஷுக்கே உரிய வசதிகள் திசைச்சொற்கள் போன்றவை. திசைச்சொல் இழிந்ததன்று, அத்திசையில் அது மிக இனியது. ஆயினும், எத்திசைக்கும் செல்லவேண்டிய ஓலையை இயற்சொல்லால் எழுதுவதே அறிவுடைமை.

ஆகவே, பல பொறிகளில் நடக்கவேண்டிய ஸ்கிரிப்டைப் பொது இலக்கணத்தில் எழுதுதல் வேண்டும். பாஷின் வசதி இன்றியமையாததாயின், முதல் வரியில் பாஷின் பெயரையே வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். அழிக்கும் கட்டளை எதனையும், உண்மைப் பதிவுகளின்மேல் ஏவுமுன், படிகளின்மேல் நடத்திப் பார்த்தல் வேண்டும். சொல்பவன் கருத்தைச் சொல் மட்டும் காப்பதில்லை. கேட்பவன் யார் என்று அறிந்து சொல்வதே அதனைக் காக்கும்.