மருந்தைச் சுமக்கும் பொருள்

திருவனந்தபுரம் வலியசாலையின் தமிழ் அக்கிரகாரத்தில் எண்ணெய் ஸ்நானத்துக்குச் சீயக்காய் தேய்த்துக்கொள்ளும் வழக்கம் பழமையானது. தண்ணீரால் மட்டும் அகலாத எண்ணெயைச் சீயக்காயிலுள்ள சப்போனின் அகற்றிவிடுகிறது. இத்தகைய பொருள்களைப் பரப்புச் செயற்பொருள்கள் என்பர். இவற்றின் மூலக்கூறில் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். நீரில் இவற்றின் அளவு ஓர் எல்லையைக் கடந்ததும், எண்ணெயை நாடும் முனைகள் உள்ளே அமையுமாறு மூலக்கூறுகள் திரண்டு, மைசெல் எனப்படும் நுண்ணிய உருண்டைகளாகின்றன. நீரில் கரையாத பொருள் அவற்றினுள் தங்குகிறது.

மருந்தியலில் இப்பண்பு பெரிதும் பயன்படுகிறது. நீரில் கரையாத மருந்தை இரத்தத்தில் செலுத்த இதுவே ஒரு வழி. பாக்லிடாக்செல் இதற்குத் தக்க சான்றாகும். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்த இப்பொருளின் அமைப்பை மன்ரோ வால் என்பாரும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் 1971-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மார்பகம், சினைப்பை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்க்கு இது மருந்தாகும். வலியசாலை அமைந்த இதே நகரில் 1981-இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற நிலையங்களில் சிகிச்சை பெறுவோர் அறிந்த பெயர் இது.

இது நீரில் கரைவதில்லை. ஆகவே, ஆமணக்கெண்ணெயை எதிலீன் ஆக்சைடுடன் வினைபுரியச் செய்து பெற்ற ஒரு பரப்புச் செயற்பொருளும் ஆல்ககாலும் சேர்க்கப்பட்டன. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தயாரிப்பில், ஒரு மில்லிலிட்டரில் மருந்து 6 மில்லிகிராம். அச்செயற்பொருளோ 527 மில்லிகிராம்! அது சிலருக்கு மூச்சுத்திணறலும் இரத்த அழுத்தக் குறைவும் உண்டாக்கும் கடும் ஒவ்வாமையைத் தோற்றுவித்தது. எனவே, டெக்சாமெதசோன் முதலிய மருந்துகளை முன்னதாகவே கொடுத்தல் அவசியமாயிற்று. பி.வி.சி. பைகளிலுள்ள மென்மையாக்கும் பொருளையும் அது கரைத்து வெளிக்கொணரும். ஆதலால் கண்ணாடிக் குப்பிகள் முதலியன பயன்படுத்தப்படுகின்றன.

பின்னர், இரத்தத்தில் இயல்பாகவே உள்ள அல்புமின் என்னும் புரதத்துடன் மருந்தை இணைத்து நுண்துகள்களாக்கினர். அச்செயற்பொருள் அறவே இல்லாத இத்தயாரிப்பு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எண்ணெயைக் கரைக்கும் ஆற்றலே உயிரணுச் சவ்வையும் தாக்க வல்லது. தலைக்கு நலம் செய்யும் சப்போனினும் இரத்தத்தில் நேரே கலந்தால் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆதலின், மருந்தைச் சோதிப்பதைப் போன்றே, அதைச் சுமக்கும் பொருளையும் சோதித்தறிதல் வேண்டும்.