காண்டாமிருகமும் திருக்கையும்

மறதி நோயைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் வைத்தியர்கள் கையில் எடுக்கும் ஒரு சோதனைத்தாள் உண்டு. கனடாவின் மொன்றியல் நகரில் உருவானதால் மொன்றியல் சோதனை என்பார்கள். மொத்தம் 30 புள்ளி. கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்ட வேண்டும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் ஆகிய மூன்று படங்களுக்கும் பெயர் சொல்ல வேண்டும். 26க்குக் குறைந்தால் சந்தேகம்.

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் ஐம்பது வருடம் வலை வளைத்த ஓர் ஐயாவிடம் இதை நீட்டிப் பாருங்கள். மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். காண்டாமிருகத்தை அவர் எங்கே கண்டார்? படிப்புக் குறைந்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கிறார்கள், அது போதாது. சரி, திருக்கையின் படத்தை வைத்தால்? நினைவு பாதி தேய்ந்த பிறகும் அவர் வாய் திருக்கை என்றே சொல்லும். அப்போது நோய் ஒளிந்துகொள்ளும்.

எந்தப் படம் சரி, எந்தப் புள்ளியில் கோடு கிழிப்பது என்பதை ஊரில்தான் கண்டறிய வேண்டும். நூற்றுக்கணக்கான முதியவர்களின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, அவர்கள் பேசும் தமிழில் கேட்டு, மனநல வைத்தியரின் முடிவோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட வேண்டும். இது வருடக்கணக்கான வேலை. இளம் ஆய்வாளர் ஒருவருக்கு அவ்வளவு காலமும் யார் சம்பளம் கொடுப்பது?

2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையருள் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதம். அந்தப் பங்கு ஏறிக்கொண்டேயிருக்கிறது. நாடோ ஆயிரம் ரூபாய் வருமானத்தில் ஏறக்குறைய ஒரு ரூபாயைத்தான் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் ஒதுக்குகிறது. கொழும்புக்கு அருகே ராகமயில் நடந்து 2003இல் வெளியான கணக்கெடுப்பு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு மறதி நோய் என்றது. அந்த எண்ணைத் தூக்கி இங்கே வைக்க முடியாது. யுத்தம், இடம்பெயர்வு, 2004 சுனாமி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே கழியும் முதுமை எல்லாம் சேர்ந்த மூளைகள் இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் இருக்கின்றன.

முதுமை ஆராய்ச்சியில் பணத்தை முதலில் இளையவர்கள் மேல் போட வேண்டும் என்பதற்கு எளிய காரணம் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில் 1958இல் தொடங்கிய முதுமை ஆய்வு இன்னும் நடக்கிறது. தொடங்கியவர்களின் ஆயுளைத் தாண்டிய வேலை அது. அந்நாட்டின் தேசிய முதுமை நிறுவனம் 1974இல் அமைந்தது. அங்குள்ள ஓர் உதவித்தொகை, முனைவர் பட்டம் முடித்தவருக்கு மூத்தவர் ஒருவரின் கீழ் இரண்டு வருடமும், தனியே ஆய்வு நடத்த மூன்று வருடமும் தருகிறது. அந்த ஐந்து வருடம்தான் ஒருவரைத் துறைக்குள் நிறுத்துகிறது.

ஒருவரைப் பழக்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் பழகி வந்த வைத்தியர் வி.எஸ். நடராஜன், 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1988இல் தனி வார்டு வந்தது. 1996இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு எம்.டி. படிப்பே வந்தது. ஒருவரில் தொடங்கி ஒரு துறையாக வளர 18 வருடம்.

திருகோணமலையில் இதற்கு நிலம் இல்லாமல் இல்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அங்கே சித்த மருத்துவம் படிப்பவர்களுக்குக் காயகற்பம் பாடத்திலேயே வருகிறது. முதுமையைத் தள்ளிப்போடும் என்று சித்தர் மரபு சொல்லும் மருந்துகளை இன்றைய ஆய்வுமுறையால் சோதிக்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? பட்டம் முடிந்ததும் வேலைக்கும் விசாவுக்கும் அலைகிற இந்தப் பிள்ளைகளைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். கோயிலுக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறீர்கள். அதில் ஒரு பங்கை, இந்த மண்ணின் முதியவர்களை ஆராயும் ஒரே ஓர் இளம் விஞ்ஞானியின் ஐந்து வருடச் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள்.