உங்களுக்குத் தெரியுமா? வானவில்லை மறைக்கும் ஃபில்டர்!

லென்ஸில் போலரைசர் ஃபில்டரை மாட்டி மெல்லத் திருப்பினால், கண்ணெதிரே நிற்கும் வானவில்லின் ஒரு பகுதி படத்திலிருந்து மறைந்துவிடும்! இன்னும் 90 டிகிரி திருப்பினால் அதே பகுதி முன்பைவிடப் பளிச்சென்று எழும். வானவில்லின் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதே காரணம். வில் வளைவதால் அந்தத் தளமும் இடத்துக்கு இடம் மாறும்; எனவே உச்சி மறையும்போது பக்கங்கள் மறையாது.

• இந்த ஃபில்டரால் தண்ணீர், கண்ணாடி, இலைகளின் மினுமினுப்பும் அடங்கும். பூச்சில்லாத உலோகத்தில் பலிக்காது.

• சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியுள்ள வானமே அதிகம் அடர்நீலமாகும்.

• 1 முதல் 2 ஸ்டாப் வரை ஒளி குறையும். அந்தி வேளையில் கழற்றிவிடுங்கள்.

• ஆழமான லென்ஸ் ஹூட் மாட்டினால் ஃபில்டரைத் திருப்ப விரல் எட்டாது. அதற்கென்றே சில ஹூட்களில் சிறு ஜன்னல் உண்டு; பார்த்து வாங்குங்கள்.