எடை குறைக்கும் கணக்கு

உடல் பருத்துவிட்டது என்று தெரிந்தவுடன் நம்மவர் முதலிற் செய்வது, இரவுச் சோற்றைக் கைவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவதாகும். தில்லியிலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இஃது ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஆயினும், 100 கிராம் அரிசியும் 100 கிராம் கோதுமை மாவும் தரும் சக்தி பெரிதும் வேறுபடுவதில்லை; இரண்டும் 320 முதல் 360 கலோரிக்குள் அடங்கும். 30 கிராம் மாவில் இட்ட சப்பாத்தி ஒன்று சுமார் 100 கலோரி. அதன்மேல் ஒரு தேக்கரண்டி நெய் தடவினால் 145. எதை உண்கிறோம் என்பதோடு எவ்வளவு உண்கிறோம் என்பதையும் பார்த்தாலன்றி எடை இறங்காது.

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே உணவு நூலார் கூறும் ஒரு கலோரி. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருவன. கொழுப்போ 9 தருவது. நம் உணவுப் பொருள்களின் சத்துகளை அளந்து பட்டியலிட்டுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் குன்னூரில் தோன்றியது. 1958-இல், நம்மைப் போலவே ஊர் பெயர்ந்து, ஐதராபாத்துக்குச் சென்றது.

இனி, செலவைக் காண்போம். 1990-இல் வெளியான சூத்திரம் ஒன்று இதற்குப் பயன்படுகிறது. எடையைக் கிலோவில் கொண்டு 10-ஆல் பெருக்குக. உயரத்தைச் சென்டிமீட்டரில் கொண்டு 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுக. வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க. ஆடவராயின் 5 கூட்டுக. பெண்டிராயின் 161 கழிக்க. கிடைப்பது, உடல் ஓய்ந்திருக்கையிலேயே செலவாகும் சக்தி. நாற்காலியில் அமர்ந்து பணி செய்வோர் அதனை 1.2-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

78 கிலோ எடையும் 165 சென்டிமீட்டர் உயரமும் உடைய 45 வயது அலுவலகப் பணியாளர் ஒருவருக்கு இக்கணக்கு 1,900 கலோரியளவில் வருகிறது. அவர் நாளொன்றுக்கு 1,500 உண்டால் குறைவு 400. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருப்பதால், மாதத்திற்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ குறையலாம். எடை 72 கிலோவுக்கு இறங்கும்போது செலவும் 70 கலோரி அளவு சுருங்கிவிடும். அப்போது கணக்கைப் புதிதாகப் போடவேண்டும். எடை இறங்காமல் நின்றுவிட்டதென்று பலர் மனம் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, அவருடைய மனைவியாரின் கணக்கு. 42 வயது, 155 சென்டிமீட்டர், 66 கிலோ எனக் கொண்டால் அன்றாடச் செலவு 1,500 தான். கணவரைப் போலவே இவரும் 400 குறைத்தால் எஞ்சுவது 1,100. மருத்துவர் மேற்பார்வையின்றி 1,200-க்குக் கீழே இறங்குதல் தகாது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் போதாமற் போகும். எனவே இவர் 250 குறைத்தாற் போதும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பத்தியம் என்பது நியாயம்போலத் தோன்றினும் நியாயமன்று. கடைசியில் உண்பவர் மிச்சத்தை வீணாக்க மனமின்றி உண்பதும் இக்கணக்கிற் சேரவேண்டும்.

எங்கே குறைப்பது? எண்ணெயில் தொடங்குவது எளிது. நால்வர் உள்ள வீட்டில் மாதம் 6 லிட்டர் எண்ணெய் செலவானால் ஆளுக்கு நாள்தோறும் 45 கிராம், அதாவது 410 கலோரி. அதனை 4 லிட்டராக்கினால், யாரும் பசியறியாமலே ஆளுக்கு 135 கலோரி குறைந்துவிடும். காப்பிக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை வீதம் நான்கு வேளை பருகுவோர் அதிலேயே 160 கலோரி கொள்கின்றனர். பருப்பையும் தயிரையும் குறைத்தல் வேண்டா. புரதம் குன்றினால் தசையும் கரையும்.

அரைமணி விரைந்து நடத்தல் சுமார் 100 கலோரி கூடுதலாகச் செலவழிக்கும். வடநாட்டுக் குளிர்காலத்தில் நடை நின்றுபோவதையும், அதே மாதங்களில் பொரித்த பண்டங்கள் பெருகுவதையும் கருத்திற் கொள்க.

எடையை வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் பார்த்தாற் போதும். முதல் வாரத்தில் விரைந்து இறங்குவதிற் பெரும்பகுதி நீரே. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்வோர் உணவைக் குறைக்குமுன் மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லையேல் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் இக்கணக்கு உரியதன்று.